பவளமில்லாத தொட்டிக்குப் பவள விளக்கு எதற்கு?

கடல்நீர்த் தொட்டிக்கு விளக்கு வேண்டும் என்று கடையில் கேட்டால், பெரும்பாலும் நீலமாக எரியும் எல்இடி விளக்குதான் முதலில் வெளியே வருகிறது. விலையும் அதிகம். அது பவளத்துக்காக வடிவமைக்கப்பட்டது. பவள உயிரிகளின் நிறமிப் புரதங்கள் நீல ஒளியை உள்வாங்கிப் பச்சையாகவும் செம்மையாகவும் ஒளிரும். அந்தக் காட்சியின் பொருட்டே அவ்விளக்கில் நீலம் மிகுத்து வைக்கப்படுகிறது. ஆனால் இந்தியாவில் பவளத்திட்டு அமைக்கும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. நம் கடலிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்தெடுப்பதும் குற்றம். ஆகவே ஒரு கல்லூரி ஆய்வகமோ, விடுதி அறையில் 40 லிட்டர்த் தொட்டி வைக்கும் மாணவரோ மனத்தடையின்றி வளர்க்கத் தக்கவை கவுலெர்பா, கீட்டோமார்ஃபா, கிராசிலேரியா போன்ற பெரும்பாசிகளே. அவற்றுக்கும் பவள விளக்கையே வாங்குவது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

குழப்பம் விளக்குப் பெட்டியின் மேலுள்ள சொற்களிலிருந்தே தொடங்குகிறது. வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவு. அது தரும் ஒளியின் அளவன்று. லூமென் ஒளியைத்தான் அளக்கிறது, ஆனால் மனிதக் கண்ணின் கூர்மைக்கு ஏற்ப எடையிட்டு அளக்கிறது. பச்சை நிறத்தில், 555 நானோமீட்டர் அலைநீளத்தில், அதன் மதிப்பு உச்சம். அதே ஆற்றலுடைய 450 நானோமீட்டர் நீல ஒளிக்கு அது தரும் மதிப்பு சுமார் 4 விழுக்காடு. 660 நானோமீட்டர்ச் சிவப்புக்குச் சுமார் 6. பச்சையம் விரும்பி ஏற்கும் இரு நிறங்களையும் லூமென் ஏறக்குறையக் கணக்கிலேயே கொள்வதில்லை. தமிழில் ‘வெளிச்சம்’ என்று ஒரு சொல்லும் ‘ஒளி’ என்று ஒரு சொல்லும் இருப்பது இங்கே உதவும்: கண்ணுக்குத் தெரிவது வெளிச்சம், பாசிக்கு உணவாவது ஒளி. பெட்டியில் விற்கப்படுவது முன்னது.

பாசியின் கணக்கு வேறு. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதே அது. உச்சிவெயிலில் இம்மதிப்பு 2,000 வரை எட்டும். தொட்டியில் வளர்க்கும் பெரும்பாசிகள் பலவற்றுக்கு 50 முதல் 200 வரை போதும். இதை அளக்கும் கருவி விலையுயர்ந்தது. எனினும் தாவரவியல் துறையிலோ வேளாண் கல்லூரியிலோ ஒன்று இருந்தால் ஒரு மணி நேரம் இரவல் பெற்றாலே வேலை முடிந்துவிடும். அதுவும் இல்லையெனில், மலிவான லக்ஸ் மானியே துணை. வெள்ளை எல்இடி விளக்காயின் ஏறத்தாழ 70 லக்ஸுக்கு ஒரு மைக்ரோமோல் என்று கொள்ளலாம். 7,000 லக்ஸ் என்றால் 100. நீல விளக்குக்கு இந்தக் கணக்கு முற்றிலும் பொருந்தாது.

நீல விளக்கை ஆதரிப்போர் கையாளும் வாதம் ஒன்று உண்டு: சிவப்புப் பாசிகள் ஆழ்கடலுக்குரியவை, அங்கே நீலமே எஞ்சும், எனவே நீலமே அவற்றுக்கு உகந்தது. இதன் வேர் 1880களில் எங்கெல்மான் முன்வைத்த கருத்தில் இருக்கிறது. எந்த நிறம் எவ்வளவு ஆழம் செல்கிறதோ அதற்கேற்ற நிறமியுடைய பாசி அவ்வாழத்தில் வாழும் என்றார் அவர். அழகான கருத்து, பாடநூல்களில் நெடுங்காலம் நிலைத்ததும் அதனால்தான். கடல் அதற்கு முழுமையாக உடன்படவில்லை. பஹாமாஸ் அருகே 268 மீட்டர் ஆழத்தில் சிவப்புப் பாசி கண்டறியப்பட்டது உண்மை; 100 மீட்டருக்குக் கீழே பச்சைப் பாசிகளும் வாழ்கின்றன. மறுபுறம், மண்டபம் கரையோரத்தில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் சுள்ளென்று வெயில் இறங்கும் ஆழமற்ற நீரிலேயே வளர்கின்றன. இரண்டும் சிவப்புப் பாசிகளே. நிறமியின் அளவு, உடலின் தடிப்பு, மேயும் உயிரினங்கள் என்று ஆழத்தைத் தீர்மானிப்பவை பல. போதாக்குறைக்கு, சிவப்புப் பாசியின் ஃபைக்கோஎரித்ரின் நிறமி பெரிதும் பற்றுவது பச்சை ஒளியை. நீலம் மட்டுமே உமிழும் விளக்கில் அது குறைவு.

நீல ஒளியில் பாசி வளரவே வளராது என்பதல்ல, வளரும். ஆனால் ஓரடி உயரத் தொட்டியை ஆழ்கடலாகப் பாவிப்பதற்குக் காரணம் ஏதுமில்லை. 10 மீட்டர் ஆழத்தில் 660 நானோமீட்டர்ச் சிவப்பில் 2 விழுக்காடுகூட எஞ்சாது. 30 சென்டிமீட்டர் நீரில் எட்டில் ஒரு பங்குதான் குறையும். எனவே தெருமுனை மின்பொருள் கடையில் கிடைக்கும் 6,500 கெல்வின் வெள்ளை எல்இடி விளக்கே சிறு தொட்டிக்குப் போதுமானது. நிறம் காட்டும் திறன் 90க்கு மேல் உள்ளதாகக் கிடைத்தால் நல்லது. நீலத்தின் கீழ்க் கருத்துத் தோன்றும் செம்பாசி அதன் கீழ்ச் செம்பாசியாகவே தெரியும். 20 வாட் விளக்கு நாளுக்கு 10 மணி நேரம் எரிந்தால் மாதம் 6 யூனிட்.

அதற்கு மேல் எரியவிடுவதில் பயனில்லை. மிகையான ஒளியில் செம்பாசி வெளிறும், கண்ணாடியில் இழைப்பாசி படரும். நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தீர்ந்த பிறகு விளக்கைக் கூட்டுவது பட்டினி கிடப்பவனிடம் கூடுதல் வேலை வாங்குவது போலத்தான். கோடையில் விளக்கின் சூடு நீரை ஆவியாக்கும், உப்பின் செறிவு ஏறும். குறைந்த அளவுக்கு நன்னீர் ஊற்ற வேண்டும், கடல்நீர் அன்று.

பொருந்தாத விளக்கின் கீழ்ப் பாசி நலிந்தால் பழி பாசியின் மீதோ நீரின் மீதோதான் விழுகிறது. கரைக்குச் சென்று இன்னொரு கொத்து பறித்துவரப்படுகிறது. பவள விளக்குக்கான தொகையை ஒதுக்கிவைத்திருக்கும் துறைகள் அதில் ஒரு வெள்ளை விளக்கு, ஒரு நேரங்காட்டிச் சொடுக்கி, ஒரு லக்ஸ் மானி, ஒரு நைட்ரேட் சோதனைப் பெட்டி ஆகிய நான்கையும் வாங்கிவிடலாம். மீதமும் இருக்கும்.