கம்பியில்லா வலை யார் வசம்?

பூமிக்கடியில் புதைந்த தண்ணீர் மீட்டரும், ஊருக்கு வெளியே கிடக்கும் ஏரி மதகும் நாளொன்றுக்கு நாலைந்து தடவை ஓர் எண்ணைச் சொன்னால் போதும். பேச்சும் படமும் அவற்றுக்கு வேண்டா. இத்தகைய சொற்பச் செய்தியை மிக மெதுவாக, மிகக் குறைந்த மின்சக்தியில் அனுப்பினால் அது நகரத்தில் சில கிலோமீட்டரும் வெட்டவெளியில் அதற்கு மேலும் எட்டுகிறது. ஒரு சிறு பாட்டரி பல வருஷம் தாங்குகிறது.

உபயோகத்தைப் பற்றி நமக்கு ஐயமில்லை. வலை யாருடைய உடைமை என்பதில்தான் ஐயமெல்லாம். ஸிக்பாக்ஸ் என்ற பிரெஞ்சு கம்பெனியின் கதையை நகரசபை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நலம். அம்முறையில் ஒரு கருவி ஒரு தடவைக்கு 12 பைட்டுகள் வீதம் நாளொன்றுக்கு 140 செய்திகள் அனுப்பலாம். மீட்டருக்கு இது தாராளம். ஆனால் எத்தேசத்தில் வைத்த கருவியானாலும் அதன் செய்தி அக்கம்பெனியின் கணினிகள் வழியாகவே வந்தாக வேண்டுமென்பது ஏற்பாடு. 2022 ஜனவரியில் கம்பெனி நொடித்துக் கோர்ட்டை அடைந்தது. ஏப்ரலில் சிங்கப்பூரின் யூனாபிஸ் அதை வாங்கிக்கொண்டது. வாங்க ஆள் வந்தது அதிர்ஷ்டமே. வந்திராவிடில், பாட்டரியில் உயிரிருந்தும் லக்ஷக்கணக்கான கருவிகள் ஊமையாகியிருக்கும்!

லோரா முறையின் நிலை இதனினும் மேல். ஆயினும் குற்றமற்றதென்று சொல்வதற்கில்லை. பிரான்ஸில் பிறந்த அதன் அலை நுட்பத்தை 2012-இல் அமெரிக்காவின் ஸெம்டெக் வாங்கியது. சில்லுக்கு இன்றும் அநேகமாக அக்கம்பெனியிடமோ அதனிடம் அனுமதி பெற்றவரிடமோதான் போக வேண்டும். எனினும் லோராவான் வலையின் விதிகள் பகிரங்கமானவை. 2021-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியன் அவற்றை ஏற்றுக்கொண்டது. செய்தி வாங்கும் பெட்டியை எவரும் விலைக்கு வாங்கித் தம் மாடியில் வைக்கலாம். 2015-இல் ஆம்ஸ்டர்டாமில் சில அன்பர்கள் எந்தத் தொலைபேசிக் கம்பெனியையும் கேளாமல், சுமார் பத்துப் பெட்டிகளைக் கொண்டே நகரை அளாவிய பொது வலையை அமைத்துக் காட்டினர்.

நம் நாட்டிலும் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, வகுத்த சக்திக்கு உட்பட்டு லைசென்ஸின்றி உபயோகிக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. ஆகவே மீட்டருக்கு டெண்டர் கோரும் நகரசபைகள் விலையை மட்டும் பார்த்தால் போதாது. வக்கீல் தொழில் பழகியவன் என்ற முறையில் ஒரு ஷரத்தை வற்புறுத்துகிறோம். ஒவ்வொரு கருவிக்குமுரிய ரகசியச் சாவி எண்கள் முதல் நாளிலேயே நகரசபையிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அவை கையிலிருந்தால் கம்பெனி மறைந்தாலும் அதே மீட்டரை வேறு ஸர்வருக்கு மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிடில் ஒவ்வொரு மீட்டரையும் திரும்பத் தோண்டியெடுக்க நேரும். அச்செலவு வரி செலுத்துவோர் தலையில் விழும்.