தேறலும் துவர்ப்பும்

தமிழ்நாட்டில் 'ஒயின்ஷாப்' என்ற சொல் புழங்கும் அளவுக்கு ஒயின் புழங்குவதில்லை. 2003 முதல் மதுக்கடைகள் டாஸ்மாக் வசம் உள்ளன. அங்கு வரிசையில் நிற்போர் பெரும்பாலும் கேட்பது பிராந்தி. ஆகவே நண்பர் ஒருவர் எலைட் கடையொன்றில் தேடிப்பிடித்து, நாசிக் வட்டாரத்தில் விளைந்து புதிதாக வெளிவந்த வெள்ளை இரண்டும் சிவப்பு இரண்டுமாக நான்கு புட்டிகளை மதுரையில் எம் இல்லத்துக்குக் கொணர்ந்தபோது, அவற்றைச் சுவைக்கும் முறை அறிந்தவர் எங்கள் நால்வரில் எவருமிலர். கையில் ஓர் ஆங்கில வழிகாட்டி நூல் மட்டும் இருந்தது. அன்று மாலை எம்மைத் தடுமாற வைத்தது அந்நூலே.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் அருந்துக என்கிறது நூல். எந்த அறை? ஐரோப்பாவின் பழைய வீடுகளை மனத்தில் கொண்ட அந்தக் கணக்கு 16 முதல் 18 பாகை செல்சியஸ். சித்திரை மாதத்து மதுரையில், மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறை 35 பாகையைத் தாண்டும். முதல் வாய் ஷிராஸில் சாராய நெடியன்றி வேறொன்றும் தெரியவில்லை. குளிர்பெட்டியில் அரைமணி நேரம் வைத்தெடுத்த பின்னரே பழத்தின் மணம் எட்டிப் பார்த்தது. (வெள்ளைக்கு இன்னும் குளிர்ச்சி வேண்டும்; 10 பாகை இருந்தால் நலம்.)

நூலாசிரியருக்குத் தெரியாத இதனை நக்கீரர் அறிந்திருந்தார் போலும். புறநானூற்றின் 56ஆம் பாட்டில், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்துகையில், யவனர் கொணர்ந்த தேறலுக்கு அவர் தரும் அடைகள் குளிர்ச்சியும் நறுமணமுமே. களிப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது. தேறல் என்ற சொல்லே தெளிந்தது என்னும் பொருளுடையது. வைகை கடலை அடையுமிடத்துக்கு அருகே, அழகன்குளம் அகழாய்வில் ரோமானியச் சாடிகளின் ஓடுகள் கிடைத்திருப்பதால் இதனை வெறும் கவிக்கூற்று என்று ஒதுக்குவதற்கில்லை.

அடுத்த இடர் சொல்லில் வந்தது. சாவின்யோன் பிளாங்க் வகை வெள்ளையில் 'கூஸ்பெரி' மணக்கும் என்றது நூல். அகராதி அதனை நெல்லிக்காய் என்று பெயர்க்க, நாங்கள் வெகுநேரம் கிண்ணத்துக்குள் நெல்லியைத் தேடினோம். ஐரோப்பியர் சொல்லும் காய் வேறு செடியினது. நம் மலைநெல்லிக்கும் அதற்கும் உறவில்லை. நூலை மூடிவிட்டு மூக்கை நம்பியபோது ஒருவர், "கொய்யா, செங்காய்" என்றார். அனைவர்க்கும் அதுவே பட்டது.

சிவப்பில் எமக்கு இத்தனை தொல்லை இல்லை. தோலோடு சேர்த்துப் புளிக்க வைப்பதால் நிறமும் டானினும் அதில் இறங்குகின்றன. வெள்ளைக்குச் சாற்றைப் பிழிந்து தோலை முன்பே நீக்கிவிடுகிறார்கள். இந்த டானின் நாவில் செய்வதை மேலைநாட்டார் சுவை என்றே கொள்வதில்லை. வாயில் தோன்றும் ஓர் உணர்வு என்று நிறுத்திக்கொள்கிறார்கள். நம் அறுசுவையிலோ துவர்ப்புக்குத் தனி இருக்கை உண்டு. வாழைப்பூவும் நாவற்பழமும் தின்று வளர்ந்த நாக்குக்கு அதன் தரம் பிரித்தறியவா தெரியாது? கபர்னேயில் இருந்தது கடுக்காயின் துவர்ப்பு. ஷிராஸில் இருந்தது நாவலின் துவர்ப்பு. இவ்வளவு சொன்னாலே தமிழ் வாசகருக்கு ஒயினில் பாதி விளங்கிவிடும் என்பது எம் துணிபு.

மது குடிகெடுத்த தெருக்களில் நின்றுகொண்டு சுவை பேசுவதா என்று சிலர் சினக்கக்கூடும். அச்சினம் நியாயமானதே. எனினும் ஒரு வாயை நாவில் நிறுத்திப் பெயர் சொல்லத் தேடுகிறவன், மடமடவென்று விழுங்குகிறவனிலிருந்து வேறுபட்டவன் என்றே கருதுகிறோம்.

மதுரைக்கு மேற்கே கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுதும் திராட்சை அறுவடையாகிறது. அங்குள்ள பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மஸ்கட் ஹாம்பர்க் என்று உலகம் அறிந்த இனம் அது. பிற நாடுகளில் ஒயினும் வடிக்கிறார்கள். அதன் மணத்துக்கு நம் உழவர் இட்ட பெயர் பன்னீர். கம்பத்துத் திராட்சையில் வடித்த ஒயினைப் பற்றி எவரேனும் எழுத நேர்ந்தால், அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு அயல்நூலில் வேறு சொல் தேட வேண்டாம்.

அன்று தட்டில் இருந்த பன்னீர் திராட்சையோடு கபர்னே சற்றும் ஒட்டவில்லை. பழத்தின் இனிப்புக்கு முன் ஒயின் வெறும் புளிப்பாய்ச் சுருங்கியது. வறுத்த நிலக்கடலைதான் பொருந்திற்று.