'ஃபார் டின்னர்' என்றால் ஆளைத் தின்பதா?

நண்பரைச் சாப்பிடக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் இரண்டு வரி மெயில் அனுப்பினால் போதும், எங்கிருந்தாவது ஒரு இலக்கண வாத்தியார் முளைத்துவிடுவார். "'இன்வைட் யூ ஃபார் டின்னர்' என்றா எழுதினாய்? அப்படியென்றால் ஆளையே சமைத்துச் சாப்பிடப் போகிறாய் என்று அர்த்தம்!" சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். எழுதியவர் அடுத்த தடவை யாரையும் ஆங்கிலத்தில் கூப்பிடவே மாட்டார்.

இந்தக் கேலியில் இலக்கணமும் கிடையாது. 'இன்வைட்' என்ற வினையோடு 'டு டின்னர்', 'ஃபார் டின்னர்' இரண்டுமே சரி. 'டு' போட்டால் விருந்துக்கு அழைப்பது, 'ஃபார்' போட்டால் சாப்பிடுவதற்காக அழைப்பது, அவ்வளவுதான். நம் 'சாப்பாட்டுக்கு வாங்க'வில் ஒரே 'கு' உருபு இரண்டு வேலையையும் பார்த்துவிடுகிறது. 1967-ல் வந்த 'கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்' படத்தின் பெயரிலேயே 'டு' இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டுமே! அதனால் 'கம் ஃபார் டின்னர்' தப்பாகிவிடுமா? கல்யாணம், பார்ட்டி என்றால் 'டு'தான். ஆனால் ஏதாவது குடிக்கலாம் வா என்று கூப்பிடும்போது 'ஃபார் எ டிரிங்க்' என்பதே வழக்கு. அங்கே 'டு' போட்டால்தான் காதில் இடிக்கும்.

சரி, ஆளைத் தின்னும் ஜோக் எங்கிருந்து வந்தது? 'ஹேவ்' என்ற வினையிலிருந்து. அதற்குச் சாப்பிடுவது என்றும் பொருள் உண்டு. 'வீ ஆர் ஹேவிங் சிக்கன் ஃபார் டின்னர்' என்றால் சிக்கன் தட்டில் இருக்கிறது. சிக்கனை எடுத்துவிட்டு 'அங்கிள்' என்று போட்டுப் பாருங்கள், மாமாவும் தட்டுக்கு வந்துவிடுவார்! 1991-ல் வந்த 'தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்' படத்தின் கடைசிக் காட்சியில், மனிதக் கறி தின்னும் ஹானிபல் லெக்டர் போனில் அடிக்கும் நக்கல் இந்த இரட்டை அர்த்தத்தை வைத்துத்தான். நடுவில் ஒரு 'ஓவர்' சேர்த்து 'ஹேவ் யூ ஓவர் ஃபார் டின்னர்' என்றால் மாமா பிழைத்துக்கொள்வார். ஆக, வில்லங்கம் 'ஹேவ்' செய்தது, உதை வாங்குவதோ பாவம் 'ஃபார்'. (அந்த 'ஹேவ்' வாக்கியத்தைக்கூட எந்த ஆங்கிலேயரும் கேட்டுப் பயந்து ஓடப் போவதில்லை என்பது வேறு விஷயம்.)

இத்தனை திருத்துகிறவர்கள் 'இன்வைட் யூ ஓவர் டின்னர்' என்பதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். 'ஓவர் டின்னர்' என்றால் சாப்பிட்டுக்கொண்டே என்று பொருள். 'டிஸ்கஸ் ஓவர் டின்னர்' சரி. அழைக்கிறவர் அப்படி எழுதினால், சாப்பாட்டை முடிப்பதற்குள் அழைப்பையும் வைத்துவிட்டதாக ஆகிறது. வரச்சொன்னது எதற்கு என்பதுதான் அதில் காணவில்லை.