கைக்கு வயிறு கிடையாது

ஆங்கிலத்தில் எனக்கு ஆகவே ஆகாத வார்த்தை ஒன்று உண்டு. கெட்ட வார்த்தை எல்லாம் இல்லை மக்களே, எல்.கே.ஜி.யில் சொல்லிக் கொடுப்பதுதான். 'ஹேண்ட்'. அதாவது கை.

கடிகார முள்ளுக்கு ஹேண்ட். சீட்டாட்டத்தில் நமக்கு விழுந்த சீட்டுகளுக்கும் ஹேண்ட். குதிரையின் உயரத்தை அளக்கிற நாலு அங்குலத்துக்கும் அதே பேர். பழைய பைக் என்றால் செகண்ட் ஹேண்ட். இதிலெல்லாம் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. கூலிக்கு வேலை செய்கிற மனுசனுக்கும் அதையே பேராக வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் எரிகிறது. மில் ஹேண்ட், ஃபேக்டரி ஹேண்ட், டெக் ஹேண்ட்.

சார்லஸ் டிக்கன்ஸ் 1854ல் எழுதிய 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் ஆலைத் தொழிலாளிகளுக்குப் பொதுப்பெயரே 'ஹேண்ட்ஸ்'தான். அவர் குத்தலாகத்தான் எழுதினார். இத்தனை வருசத்தில் குத்தல் போய்விட்டது, வார்த்தை மட்டும் நிற்கிறது.

"ஒரு வார்த்தைக்கு ஏன்டா இவ்வளவு சீன்?" என்றான் கிளாஸ்மேட் ஒருவன். சொல்கிறேன்.

போன லீவில் ஒரு காண்ட்ராக்டர் ஆபீசில் டேட்டா என்ட்ரி செய்தேன். எங்கள் அத்திப்பட்டில் ஒரு பக்கம் அனல் மின் நிலையம், இன்னொரு பக்கம் எண்ணூர் காமராஜர் துறைமுகம். எங்கே திரும்பினாலும் காண்ட்ராக்ட் வேலைதான். அந்த எக்செல் ஷீட்டில் மூன்றே காலம்: தேதி, சைட், ஹேண்ட்ஸ். 14, 9, 22 என்று அடித்துக்கொண்டே போக வேண்டும். பேருக்குக் காலமே கிடையாது. மூன்றாவது நாள்தான் உறைத்தது. என் அப்பாவும் வேறொரு காண்ட்ராக்டரிடம் கேட் பாஸோடு போகிறவர். அங்கே என்னை மாதிரி எவனோ ஒருத்தன் அவரையும் ஒரு நம்பருக்குள் போட்டு அடித்துக்கொண்டிருப்பான்.

ராத்திரி கேட்டேன், "உன்னை அங்க என்னன்னுப்பா கூப்பிடுவாங்க?"

"லேபர்னுவாங்க. பேரெல்லாம் எவனுக்குடா தெரியும்?" சொல்லிவிட்டு ரசத்தைக் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். இருப்புநிலைக் குறிப்பில் 'கேஷ் இன் ஹேண்ட்', அதாவது கைரொக்கம், எந்தப் பக்கம்? சொத்துப் பக்கம். அந்த ரொக்கத்தைச் சம்பாதித்துக் கொடுத்த ஹேண்ட் எங்கே? வியாபாரக் கணக்கில் பற்றுப் பக்கம், 'கூலி' என்ற தலைப்பில், சரக்கு ஏற்றி வந்த வண்டிச் சத்தத்துக்குப் பக்கத்தில். கையில் இருக்கிற காசு சொத்து, கை செலவு. மூன்று வருசமாக இதைத்தான் கொட்டை எழுத்தில் எழுதி மார்க் வாங்குகிறோம் :)

வெறும் எண்ணாக எண்ணுவதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான 1970ம் வருச மத்தியச் சட்டம் 20 பேர் இருந்தாலே பொருந்தியது. 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த புதிய தொகுப்பில் அந்த அளவு 50. 49ல் நிறுத்திக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

வெறும் கை என்றால் பசிக்காது. 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். பெரம்பூர் பக்கத்துப் பின்னி ஆலைக்காரர்கள் அன்றைக்குச் சொன்ன முக்கியமான குறைகளில் ஒன்று, மதியம் சாப்பிட நேரம் போதவில்லை என்பது. எங்களுக்கு வயிறும் இருக்கிறது என்று சொல்லவே ஒரு சங்கம் தேவைப்பட்டது.

வெறும் கை என்றால் சாகாது. 2025 செப்டம்பர் 30ல் இதே எண்ணூர் பக்கம், கட்டுமானத்தில் இருந்த அனல் மின் நிலையத்தில் சாரம் சரிந்து ஒன்பது பேர் போய்விட்டார்கள். அசாம் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். ஊரில் இரண்டு நாள் 'ஒன்பது பேர்' என்று பேசினோம். ஒரு பேராவது எனக்குத் தெரியுமா? உங்களுக்கு?

"தமிழ் மட்டும் யோக்கியமா?" என்று கேட்பீர்கள். இல்லை. 'அடிமை'க்குள் அடி, அதாவது கால், இருக்கிறது. 'தலைக்கு இவ்வளவு' என்று நாமும்தான் பேசுகிறோம். ஆனால் வேலைக்குக் கூப்பிடும்போது 'ரெண்டு ஆள் வேணும்' என்கிறோம், ரெண்டு கை வேணும் என்பதில்லை. முதலாளி, தொழிலாளி இரண்டிலும் இருப்பது ஒரே 'ஆளி'தான். ஒருத்தர் முதலை ஆள்கிறார், இன்னொருத்தர் தொழிலை. மொழி கொடுத்த அந்தச் சமத்தைக் கணக்குப் புத்தகம் பிடுங்கிக்கொள்கிறது.

"கப்பலில் 'ஆல் ஹேண்ட்ஸ்' என்றால் எல்லாரும்தானே?" என்பது அதே கிளாஸ்மேட்டின் கடைசிக் கேள்வி. ஆமாம், கப்பல் மூழ்கினால் 'லாஸ்ட் வித் ஆல் ஹேண்ட்ஸ்' என்று எழுதுவார்கள். அதில் கேப்டனும் சேர்த்தி. மூழ்குகிற அன்றைக்கு மட்டும்தான் மேலே இருப்பவரும் ஒரு கை.

நம்மில் பாதிப் பேர் நாளைக்கு அக்கவுண்ட்ஸிலோ எச்.ஆரிலோ உட்காரப் போகிறோம். புரட்சி எல்லாம் வேண்டாம். அந்த ஷீட்டில் ஒரு காலம் சேருங்கள், தலைப்பு 'பேர்'. நான் அன்றைக்குச் சேர்க்கவில்லை. லீவு முடிகிற வரை 14, 9, 22 என்று அடித்துவிட்டு, சம்பளத்தைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கோபமும் சேர்ந்ததுதான் இது.