அறிவுரை சொல்ல தென்காசி வேணும், கேள்வி கேட்க மட்டும் கூடாதா?

“குற்றாலத்துல குளிச்சோமா, பரோட்டா சாப்ட்டோமா, வீட்டுக்குப் போனோமான்னு இருங்க. தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் பத்தி உங்களுக்கு எதுக்கு?”

நாம இதைப் பத்தி எப்போ பேசினாலும் வந்து விழுற கமெண்ட் இது. பதில் சொல்றோம், முழுசா படிங்க.

2021ல அந்தக் கவுன்சிலோட ஆலோசனைக் குழுவுக்கு ஒன்றிய அரசு யாரைத் தேடி வந்துச்சு? தென்காசி பக்கத்துல மத்தளம்பாறையில இருந்து கம்பெனி நடத்துன ஸோஹோ ஸ்ரீதர் வேம்புவை. அவர் போனதுல நமக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா அறிவுரைக்கு ஆள் எடுக்க ஆகுற ஊர், கேள்வி கேட்க ஆகாதா?

கவுன்சில் வந்தது 1998 நவம்பர்ல, வாஜ்பாய் ஆட்சியில. தலைவர் பிரதமர். உள்துறை, பாதுகாப்பு, வெளியுறவு, நிதி அமைச்சர்கள் உள்ள இருக்காங்க. ராணுவம், உளவு, வெளியுறவு, சைபர்னு தனித்தனியா கிடக்குற தகவலை ஒரே மேசைக்குக் கொண்டு வரணும், அதுதான் வேலை. அவசியமான வேலை. கார்கில் பார்த்த நாட்டுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்ல.

சிக்கல் எங்கன்னா, இந்தக் கவுன்சிலுக்குன்னு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒண்ணு கூட கிடையாது. அரசாணையில பிறந்து அரசாணையிலேயே வளருது. துறைச் செயலாளர்களும் முப்படைத் தளபதிகளும் உட்காருற கொள்கைக் குழுவோட தலைமை, 2018ல அமைச்சரவைச் செயலாளர்கிட்ட இருந்து பாதுகாப்பு ஆலோசகர் கைக்குப் போச்சு. 2019ல அவருக்கு கேபினட் அந்தஸ்து. ஆனா அவர் அமைச்சரும் இல்ல, எம்.பி.யும் இல்ல. அவையில எழுந்து பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்ல. ஆர்.டி.ஐ. போட்டா? கவுன்சில் செயலகம் விலக்குப் பட்டியல்ல இருக்கு. ஊழல், மனித உரிமை மீறல் புகார் தவிர வேற எதுவும் கேட்க முடியாது.

நம்ம ஊர் பஞ்சாயத்துத் தலைவர் கிராம சபையில நின்னு தெருவிளக்குக்குக் கணக்கு சொல்றார். நாட்டையே காக்குறவங்க யாருக்கும் சொல்ல வேண்டாமாம்! 1998க்குப் பிறகு மாறி மாறி ஆண்ட யாருமே இதைச் சரி செய்யல.

இதனால நமக்கு என்னன்னு கேட்கிறவங்க கூடங்குளத்தை நினைச்சுப் பாருங்க. 2019 அக்டோபர் 29. அணுமின் நிலையத்துல வைரஸ் புகுந்துடுச்சுன்னு செய்தி பரவுது. பொய்த் தகவல்னு நிலையம் அறிக்கை விடுது. மறுநாளே அணுமின் கழகம் உண்மைதான்னு ஒத்துக்குது. நிர்வாக நெட்வொர்க்ல இருந்த கம்ப்யூட்டர்தான், உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு தனி, அதுக்குப் பாதிப்பு இல்லன்னும் சொல்லிச்சு. சரி. ஆனா செர்ட்-இன் தகவல் சொன்னது செப்டம்பர் 4! 55 நாள் கழிச்சும் மறுப்புதான் முதல்ல வந்துச்சு. அப்போ தென்காசி தனி மாவட்டமே ஆகல, கூடங்குளமும் நாமளும் ஒரே நெல்லை மாவட்டம்.

இன்ஜினியரிங் படிச்ச எவனுக்கும் தெரியும்: வைரஸ் வர்றது அவமானம் இல்ல, வந்ததை மறைக்கிறதுதான் அவமானம். சைபர் பாதுகாப்பை ஒருங்கிணைக்கிற அதிகாரி இருக்குறதே கவுன்சில் செயலகத்துலதான். அந்த 55 நாள் அங்க என்ன நடந்துச்சு? இதைக் கேட்க நாடாளுமன்றத்துல தனிக் குழு இல்ல.

சட்டம் இல்லாம ஆளைப் பொறுத்து கவுன்சில் நடந்தா என்ன ஆகும்னு கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்க. இலங்கையில அதிபர் சிறிசேனாவுக்கும் பிரதமர் ரணிலுக்கும் ஆகல. 2018 அக்டோபர் மோதலுக்கு அப்புறம் பிரதமரைப் பாதுகாப்புக் கவுன்சில் கூட்டத்துக்கே கூப்பிடல. 2019 ஏப்ரல் 4ல இந்தியா எச்சரிக்கை கொடுத்துச்சு. அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரல. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோணியார் கோயில், நீர்கொழும்பு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், ஹோட்டல்கள்னு குண்டு வெடிச்சு 250க்கும் மேல உயிர் போச்சு. சீயோன்ல செத்ததுல நம்ம தமிழ்க் குழந்தைங்களும் இருந்தாங்க. 2023 ஜனவரியில அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சிறிசேனாவை 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொல்லிச்சு. போன உயிர் வந்துச்சா?

“ரகசியத்தைத் தெருவுல பேச முடியுமா?”ம்பாங்க. தெருவுல பேசச் சொல்லல. பிரிட்டன்ல 1994லேயே சட்டம் போட்டு எம்.பி.க்கள் குழு வச்சுட்டாங்க. கதவைச் சாத்திக்கிட்டு ரகசியக் கோப்பைப் படிக்கிறாங்க, கேள்வி கேட்கிறாங்க, அறிக்கை கொடுக்குறாங்க. அங்க நாடு ஒண்ணும் கவுந்துடல.

நாம கேட்கிறது மூணே மூணு:

1. தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலுக்குத் தனிச் சட்டம். யார் உறுப்பினர், எப்போ கூடணும், எச்சரிக்கை வந்தா யாருக்குப் போகணும், எல்லாம் எழுத்துல.

2. எல்லாக் கட்சியும் இருக்குற நாடாளுமன்றக் குழு. ஆலோசகர் அதுக்கு முன்னாடி வந்து பதில் சொல்லணும்.

3. அணு உலை, கடல் எல்லைன்னு ஒரு மாநிலத்தைப் பத்திப் பேசும்போது அந்த மாநில முதல்வருக்குக் கவுன்சில்ல ஒரு நாற்காலி.

நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா முதல்ல ஓட வேண்டியது டெல்லி இல்ல, நாமதான். அதனாலதான் கேட்கிறோம்.

கமெண்ட் போட்டவருக்கு: சீசனுக்கு வாங்க, குளிங்க, பரோட்டா நம்ம செலவு. ஆனா கேள்விக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க!

ஷேர் பண்ணுங்க நண்பர்களே.

#கவுன்சிலுக்கு_சட்டம்_எங்கே #தென்காசி_கேட்கிறது