காற்றின் மேல் பழி போடாதீர்கள்

நூறு மீட்டரில் ஐந்து குண்டும் ஒரே இடத்தில் விழுகிறது. ஆயிரம் மீட்டரில் மட்டும் இடப்பக்கம் ஒதுங்குகிறது. கேட்டால், "காற்று சார், காற்று!" கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வருஷம் முழுக்க ஒரே பக்கமாக அடிக்கிற காற்று எந்த ஊரில் இருக்கிறது ஐயா?

சாய்ந்திருப்பது ஸ்கோப். 7.62 துப்பாக்கியில் ஆயிரம் மீட்டருக்குப் பத்து மில்லுக்கு மேல் ஏற்ற வேண்டும். அந்தத் தூரத்தில் ஒரு மில் ஒரு மீட்டர். குறுக்குக்கோடு ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலும் பத்து மீட்டர் ஏற்றத்தில் குண்டு 17 செ.மீ. பக்கவாட்டில் போய்விடும். மூன்று டிகிரி என்றால் அரை மீட்டர். நூறு மீட்டரில் ஏற்றமே கிடையாது, அதனால் குறையும் தெரியாது. போட்டியில் பதக்கம் போனால் போகட்டும். பணியில் இருக்கிற ஜவானுக்கு அந்த 17 செ.மீ. பக்கத்தில் நிற்கிற வேறொருவன்.

"மூடி மேல் ரசமட்டம் வைத்துத்தான் பூட்டினேன்" என்பார்கள். மூடி மட்டமாக இருந்தால் கண்ணாடிக்குள் இருக்கிற கோடு நேராக இருக்கும் என்று யார் சொன்னது? அதோடு, ரிங் திருகை ஒரே பக்கமாக முறுக்கினால் ஸ்கோப் மெல்லத் திரும்பிவிடும். (டிராகுனோவில் ஸ்கோப்பும் தாங்கியும் ஒரே உடம்பு. அங்கே இந்த ரிங் தொல்லை இல்லை.)

கொத்தனாரிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்குங்கள். முப்பது நாற்பது மீட்டர் தள்ளி வெள்ளை நூலில் தொங்கவிட்டு, ஆடாமல் இருக்க குண்டைத் தண்ணீர் வாளிக்குள் இறக்குங்கள். செங்குத்துக்கோடு நூலோடு ஒட்டி நிற்கும்படி ஸ்கோப்பைத் திருப்பி, திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சங்கொஞ்சமாக முறுக்குங்கள். மறுபடி பாருங்கள். கோடு நூலோடு நிற்கும்போதே சின்ன ரசமட்டம் ஒன்றை ஸ்கோப்பின் மேல் பூட்டிவிடுங்கள்.

துப்பாக்கியும் மட்டமாக இருக்க வேண்டாமா என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. கட்டை தோளுக்கேற்ப இரண்டு மூன்று டிகிரி சாய்ந்தால், ஆயிரம் மீட்டரில் இரண்டு மூன்று செ.மீ. தான் நஷ்டம். பூமி இழுப்பது குண்டை. அந்த இழுப்புக்கு நேராக நிற்க வேண்டியது கோடு.

நம்பாதவர்கள் நூறு மீட்டரில் உயரமான அட்டை வைத்து, நூல் பிடித்துக் கோடு கிழியுங்கள். கீழே குறிபார்த்து மூன்று குண்டு. பத்து மில் ஏற்றி, அதே குறியைப் பார்த்து இன்னும் மூன்று. அவை ஒரு மீட்டர் மேலே, கோட்டின் மேலேயே விழ வேண்டும். விலகினால் ரிங்கைக் கழற்றுங்கள். காற்றுமானி பைக்குள்ளேயே இருக்கட்டும்.