நீலிக்கு நீதி எங்கே?

நமது நாஞ்சில் நாட்டுக் கள்ளியங்காட்டு நீலி, 2025-இல் "லோகா" என்ற மலையாள சினிமாவில் பெங்களூர்ப் பட்டணத்தில் குடியேறி, காதலும் சாகசமும் காட்டிப் பெரும் வசூல் குவித்தாள். பேயைக் காதலியாக்கிக் கதை எழுதுவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. கதை கதையாகவே இருக்கட்டும். ஆனால், நீலி கதையின் வேர் என்ன? நகைக்கு ஆசைப்பட்டு, தன்னை நம்பித் தூங்கிய பெண்ணை ஓர் ஆண்பிள்ளை கல்லால் கொன்றான் என்பதுதானே! உயிரோடிருந்தபோது அவளுக்கு நியாயமில்லை. செத்த பிறகு பலமாம், பூசையாம்! இந்தப் பலத்தை உயிருள்ள பெண்ணுக்குக் கொடுத்தெழுத ஏன் மனம் வரவில்லை என்று கேட்கின்றோம். இன்றும் பேய் பிடித்ததென்று அடிபடுகிறவள் பெரும்பாலும் பெண்தானே! கதை எழுதும் தோழர்களே! அடுத்த கதையில் நீலி சாகவேண்டாம். விழித்தெழுந்து அவன் கைக்கல்லைப் பிடுங்கட்டும்.